குதிரைக்கு எது பாதை? சவாரிக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஊட்டி முதல் கேதார்நாத் வரை எழும் ஒரே கேள்வி... நம்ம காவிரிக் கரைக்கும் அது பொருந்தும்!

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் திருச்சி, ஸ்ரீரங்கம் குடும்பங்கள் பலவற்றுக்கு முதலில் நினைவுக்கு வருவது கொடைக்கானல்தான். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மலை ஏறிவிடலாம். ஏரிக்கரையில் இறங்கியதும் பிள்ளைகள் கேட்பது மூன்று விஷயங்கள். படகு, சைக்கிள், குதிரை. முதல் இரண்டையும் சுலபமாக முடித்துவிடுவோம். குதிரையில் ஏற்றும்போது மட்டும் அம்மாவின் கை பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் கூடப் போகும். விழுந்துவிடுவானோ என்ற பயம் அது.

ஆனால், அந்தக் குதிரை நடக்கும் சாலையில் கார் வரலாமா, நடைப்பயிற்சி செல்பவர் ஒதுங்க வேண்டுமா, குதிரை ஒதுங்க வேண்டுமா, அந்த இடத்தில் குதிரை விட அனுமதி கொடுத்தது யார், சீசன் முடிந்தால் அது எங்கே போகும்? இதையெல்லாம் நாம் கேட்பதில்லை. பத்து நிமிட சவாரி, நான்கு செல்ஃபி, அவ்வளவுதான்.

கேட்கப்படாத இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாததால்தான் ஊட்டியில் குதிரைகள் குப்பைத் தொட்டியைக் கிளறுகின்றன. வைஷ்ணோ தேவி மலைப்பாதை வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கேதார்நாத்தில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் வழியிலேயே விழுந்து இறக்கின்றன. பொது இடத்தில் குதிரைக்கான பாதையை ஒழுங்குபடுத்துவது என்பது கேட்க சின்ன விஷயமாகத் தெரியும். உள்ளே போனால் அதில் பிழைப்பு, பாதுகாப்பு, காடு, ஒரு வாயில்லா ஜீவனின் வலி என எல்லாமே இருக்கிறது.

குதிரைக்கென்று ஓர் இடம்... அது நமக்குப் புதிதல்ல!

ஸ்ரீரங்கம்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வைகுண்ட ஏகாதசித் திருவிழாவில் இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறி. நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் எழுந்தருளி, ஆயிரங்கால் மண்டபத்துக்கு முன்னால் உள்ள மணல்வெளியில் வையாளி கண்டருளுவார். வாகனத்தைத் தோளில் சுமப்பவர்கள் முன்னும் பின்னும் ஓடி, நிஜக் குதிரையே பாய்வது போலக் காட்டுவார்கள். திருமங்கை மன்னன் வழிமறித்துக் கொள்ளையடித்து, பிறகு ஆட்கொள்ளப்பட்ட கதை அங்கே நடித்துக் காட்டப்படும். அந்த ஆழ்வாரின் குதிரைக்கு 'ஆடல்மா' என்று பெயரே உண்டு.

அதே மணல்வெளியின் ஓரத்தில்தான் சேஷராயர் மண்டபம். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கல் குதிரைகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'வையாளி'. குதிரையை ஏறி நடத்துவதற்குத் தமிழில் இருந்த பெயர் அது. குதிரையைப் பழக்குவதற்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தை 'வையாளி வீதி' என்றும், 'செண்டுவெளி' என்றும் சொன்னார்கள். அதாவது, குதிரைக்கென்று தனி இடம் வேண்டும் என்ற யோசனை நம் மொழியிலேயே இருக்கிறது. குதிரை ஓடும் இடம் வேறு, ஜனங்கள் நடக்கும் இடம் வேறு.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை பக்கம் போனால் ஊருக்கு ஊர் ஐயனார் கோயில் மண் குதிரைகள் நிற்கும். குளமங்கலம் ஐயனார் கோயிலின் முப்பது அடிக்கும் மேல் உயரமான குதிரைச் சிலைக்கு மாசி மகத்தில் காகித மாலைகள் குவியும். எல்லையில் காவல் நிற்கும் குதிரைக்கும் ஊர் ஓர் இடத்தைக் குறித்துவைத்திருக்கிறது.

ஜட்காவிலிருந்து சாரட்டுக்கு...

ரயிலடியில் இறங்கியதும் ஜட்கா பிடித்து வீடு வந்த கதையைத் திருச்சியில் தாத்தா பாட்டிகள் இன்றும் சொல்வார்கள். ஆட்டோ வந்ததும் ஜட்கா போய்விட்டது. இப்போது நகருக்குள் குதிரையை நாம் அதிகம் பார்ப்பது மாப்பிள்ளை அழைப்பில்தான். அலங்கார விளக்கு கட்டிய சாரட் வண்டி, முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ்.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விதி வருகிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் கீழ், வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்காக 1965-ல் தனி விதிகள் கொண்டுவரப்பட்டன. அவை இன்றும் நடைமுறையில் உள்ளன. முக்கியமானவை இவை:

* ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

* இடைவேளை இல்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

* வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில், பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டவோ, சுமை ஏற்றவோ கூடாது.

* குதிரை வண்டியில் ஓட்டுநரும் 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் நீங்கலாக 4 பேருக்கு மேல் ஏறக் கூடாது.

* முள் வைத்த கடிவாளம், முள் குச்சி கூடவே கூடாது.

* சேணம் குதிரையின் தோள்மேட்டில் நேரடியாக அழுந்தாதபடி இடைவெளி இருக்க வேண்டும்.

மூன்றாவது விதியை இன்னொரு முறை படியுங்கள். சித்திரை, வைகாசியில் திருச்சி வெயில் 37 டிகிரியில் நிற்குமா? அக்னி நட்சத்திரத்தில் நண்பகல் ஊர்வலத்துக்கு சாரட் பேசினால், அது விதியை மீறிய ஊர்வலமாகவே இருக்கும். தார்ச் சாலையின் சூடு குளம்பு வழியாக ஏறும் என்பது தனி.

விதி இருக்கிறது, சரி. மீறினால் என்ன ஆகும்? 1960-ம் வருடச் சட்டத்தில் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அச்சுப்பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். குதிரைக்கு ஒரு வேளை கொள்ளு வாங்கவே அது போதுமா என்று யோசியுங்கள். விலங்கைக் கொன்றாலோ, ஊனமாக்கினாலோதான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்று தண்டனை கடுமையாகிறது.

பொது நிலம் என்றால் யாருடைய நிலம்?

'இது பொது இடம்தானே... யார் வேணும்னாலும் குதிரை ஓட்டலாமே?' என்று தோன்றும். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கொம்பில் காவிரி பிரிந்து கொள்ளிடமாகவும் காவிரியாகவும் ஓடுவதால் உருவான தீவு ஸ்ரீரங்கம். இந்தத் தீவைச் சுற்றி ஒரு நடை போனால் எத்தனை துறைகளின் எல்லையைக் கடக்கிறோம் தெரியுமா?

ஆற்றின் கரைகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. புறம்போக்கு நிலங்கள் வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கும். மாநகரச் சாலைகளும் பூங்காக்களும் மாநகராட்சியிடம். மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கும் பகுதி வனத்துறையிடம். கோயில் நிலம் என்றால் அது பொது நிலமே அல்ல. அது கோயிலின் சொத்து.

கண்ணுக்கு எல்லாம் ஒரே மண்தான். ஆனால், ஒவ்வோர் இடத்துக்கும் சட்டம் வேறு. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்தால் 1882-ம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம் என்றால் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சட்டத்தின் 33ஏ பிரிவு, சரணாலயத்திலும் அதிலிருந்து ஐந்து கிலோமீட்டர் சுற்றளவிலும் வளர்க்கப்படும் கால்நடைகளுக்கு நோய்த் தடுப்பூசி போடுவதைக் கட்டாயக் கடமையாக வைக்கிறது. வீட்டுக் கால்நடையின் நோய் காட்டு விலங்குக்குத் தாவிவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

காட்டுப் பாதைகளை ஒழுங்குபடுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டு, 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. ஆன்லைனில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி, பாதைக்கேற்ற கட்டணம். நடப்பவர்களுக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. குதிரைக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஒரு குளம்பு பாதையை என்ன செய்யும்?

ஒரு நடுத்தரக் குதிரையின் எடை 300 முதல் 500 கிலோ. மேலே ஆள், சேணம் சேர்த்தால் இன்னும் கூடும். இவ்வளவு எடையும் நான்கு சின்னக் குளம்புகள் வழியாக மண்ணில் இறங்குகிறது. குளம்பில் இரும்பு லாடம் வேறு. காய்ந்த கெட்டி மண்ணில் பெரிய பாதிப்பு தெரியாது. மழையில் ஊறிய சரிவில் அதே குளம்பு புல்லின் வேரைப் பெயர்த்துவிடும். அடுத்த மழையில் அந்தப் பள்ளம் ஓடையாகும். நடப்பவர்கள் சேற்றைத் தவிர்க்க ஓரமாக நடக்க, ஒற்றையடிப் பாதை நான்கடிப் பாதையாக விரியும்.

இரண்டாவது, சாணம். குதிரை அசை போடும் விலங்கு அல்ல. தின்ற விதைகளில் ஒரு பகுதி செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து முளைக்கும். சமவெளியில் தின்ற களைச்செடியின் விதை மலைப் புல்வெளியில் போய் விழுந்தால், அதைப் பிடுங்குவது பல ஆண்டு வேலை. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் பலவற்றில், களை விதை இல்லை என்று சான்று பெற்ற வைக்கோலைத்தான் குதிரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதனால்தான்.

மூன்றாவது, பயம். இது குதிரையின் பயம். இரையாகப் பிறந்த விலங்கு அது. பின்னால் திடீரென சைக்கிள் மணி அடித்தாலோ, பிளாஸ்டிக் பை பறந்தாலோ முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். நடப்பவர், சைக்கிள், குதிரை மூன்றும் ஒரே குறுகிய பாதையில் வந்தால் விபத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பாதையை அப்படி விட்டதுதான் குறை.

ஊட்டி: சீசன் முடிந்தால் தெரு

உதகமண்டலத்துக்கும் குதிரைக்கும் பழைய தொடர்பு. ஊருக்கு வெளியே விரிந்து கிடக்கும் வென்லாக் டவுன்ஸ் புல்வெளி, 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரைத் தாங்கியது. வெள்ளைக்கார அதிகாரிகள் வேட்டை நாய்களோடு குதிரையில் நரி துரத்திய இடம் அது. அவர்களுக்கு முன்பே தோடர் மக்களின் எருமைகள் மேய்ந்த இடம் என்பதை மறந்துவிடக் கூடாது. பின்னாளில் சீகை மரமும் தைலமரமும் நடப்பட்டு, ஃபிலிம் தொழிற்சாலையும் வந்து புல்வெளி சுருங்கியது. நாம் சினிமா பாட்டுகளில் பார்த்து, 'ஒன்பதாவது மைல்' என்று தேடிப்போகும் ஷூட்டிங் மட்டம் அந்தப் புல்வெளியின் ஒரு பகுதிதான். ஒரு பொது நிலத்தில் முதல் உரிமை யாருக்கு என்ற கேள்வி அங்கே நூறு வருடங்களுக்கும் மேலாகப் புதைந்து கிடக்கிறது.

இன்னொரு பக்கம், அரசு நிலத்தில் இருந்த குதிரைப் பந்தய மைதானங்கள். குத்தகை பாக்கியைக் காரணம் காட்டி ஊட்டி ரேஸ் கோர்ஸின் சுமார் 52 ஏக்கரை 2024 ஜூலையில் அரசு மீட்டது. அடுத்த இரண்டு மாதங்களில் சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸின் சுமார் 160 ஏக்கர் நிலத்துக்கான குத்தகையும் ரத்தானது.

பணக்காரக் குதிரைகளின் கதை இப்படி. ஏழைக் குதிரைகளின் கதை வேறு. ஊட்டி படகு இல்லம் போன்ற சுற்றுலா இடங்களில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளில் பல, கூட்டம் இல்லாத மாதங்களில் தெருவில் அவிழ்த்து விடப்படுகின்றன. ஒரு குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறக்குறைய 2 சதவிகிதம் தீனி தின்னும். 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும். சவாரி இல்லாத நாளிலும் அதற்குப் பசிக்கும். வருமானம் இல்லாத மாதத்தில் அந்தத் தீனியை வாங்க முடியாத உரிமையாளர் கயிற்றை அவிழ்க்கிறார். குதிரை மார்க்கெட் கழிவையும் பிளாஸ்டிக்கையும் தின்கிறது, சாலையில் வண்டிகளுக்குக் குறுக்கே வந்து அடிபடுகிறது. நகராட்சி பிடித்து அபராதம் போடுகிறது. அபராதம் கட்டி மீட்டுப்போன குதிரை கொஞ்ச நாளில் மீண்டும் தெருவுக்கு வருகிறது.

இதில் உரிமையாளரை மட்டும் வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். ஆறு மாதம் சம்பாதித்து பன்னிரண்டு மாதம் தீனி போட வேண்டிய தொழில் அது. எத்தனை குதிரைக்கு அந்த ஊரில் வேலை இருக்கிறது என்று கணக்கிட்டு, அத்தனைக்கு மட்டும் உரிமம் கொடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாத இடத்தில் முதலில் பட்டினி கிடப்பது குதிரைதான்.

கொடைக்கானல்: ஒரே சாலை, எல்லோருக்கும்

1863-ல் வேரே ஹென்றி லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி உருவாக்கிய கொடைக்கானல் ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர் சாலை. நடைப்பயிற்சி, வாடகை சைக்கிள், குதிரை, கார் எல்லாம் அதே வட்டத்தில்தான். சீசன் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே போனவர்களுக்கு நிலைமை தெரியும். ஒரு பக்கம் குதிரையில் குழந்தை, மறுபக்கம் உரசிக்கொண்டு போகும் டூரிஸ்ட் வேன்.

இங்கே தேவைப்படுவது பெரிய திட்டம் எல்லாம் இல்லை. சவாரிக்குக் குறிப்பிட்ட நேரம், அந்த நேரத்தில் சாலையின் ஒரு பகுதியில் வாகனங்களுக்குத் தடை, குதிரைகள் நிற்க நிழலும் தொட்டியும் உள்ள ஓர் இடம். அதற்குப் பிறகு யாரும் யாரையும் முறைக்க வேண்டியதில்லை.

மாத்தேரான் சொல்லும் பாடம்

மகாராஷ்டிராவின் மாத்தேரான் மலைக்குப் போனவர்கள் ஊர் எல்லையான தஸ்தூரி நாக்காவிலேயே காரை நிறுத்திவிட வேண்டும். உள்ளே மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. 2003-ல் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. நடை, பொம்மை ரயில், கை ரிக்‌ஷா, குதிரை என்பதுதான் அங்கே நெடுங்காலம் இருந்த போக்குவரத்து. நானூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் அந்த ஊரின் பிழைப்பு.

அங்கே பெரிய சண்டை எதற்கு நடந்தது தெரியுமா? தரைக்கு! செம்மண் பாதையில் பேவர் பிளாக் பதிக்கும் வேலை தொடங்கியதும், அதில் குதிரை வழுக்கும் என்று எதிர்ப்பு கிளம்பியது. செம்மண் மழையில் கரைகிறது, ஏதாவது பதிக்கத்தான் வேண்டும் என்றது மறுதரப்பு. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஆகஸ்ட்டில் வந்த தீர்ப்பு, ஊருக்குள் வரும் முக்கியப் பாதையில் மட்டும் பிளாக் பதிக்கலாம், உள் பாதைகளிலும் மலையேற்றப் பாதைகளிலும் கூடாது என்று கோடு போட்டது. மனிதரை மனிதர் இழுக்கும் கை ரிக்‌ஷாவை ஆறு மாதங்களுக்குள் நிறுத்தி, இழுத்தவர்களுக்கு இ-ரிக்‌ஷா கொடுக்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான். ஒரு தொழிலை நிறுத்தச் சொன்னபோது அதைச் செய்தவர்களுக்கு மாற்று வழியையும் சேர்த்துச் சொன்னதுதான் அதில் முக்கியம்.

வைஷ்ணோ தேவி, கேதார்நாத்: பக்தியின் சுமை

ஜம்முவின் கட்ராவிலிருந்து வைஷ்ணோ தேவி கோயிலுக்கு சுமார் 13 கிலோமீட்டர் ஏற்றம. குதிரைகளும் கோவேறு கழுதைகளும் பக்தர்களைச் சுமக்கும் அதே பாதையில்தான் நடப்பவர்களும் போக வேண்டும். சாணம், நெரிசல், வழுக்கல் பற்றிய வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 நவம்பரில் இரண்டு முக்கிய உத்தரவுகளைப் போட்டது. ஒரு நாளைக்கு 50,000 பக்தர்கள்தான். புதிதாகப் போடப்பட்ட பாதையில் நடப்பவர்களும் பேட்டரி வாகனங்களும் மட்டுமே, குதிரைக்கு அனுமதி இல்லை. ஒரே பாதையை எல்லோருக்கும் கொடுக்காமல், பாதையைப் பிரித்துக் கொடுத்த தீர்வு அது.

கேதார்நாத்தில் நிலைமை இன்னும் கடினம். கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் செங்குத்தான வழி, உயரம் கூடக் கூடக் காற்றும் மெலிது. சீசனில் ஆயிரக்கணக்கான விலங்குகள் அங்கே ஏறி இறங்குகின்றன. 2025 மே மாதத் தொடக்கத்தில், யாத்திரை தொடங்கிய சில நாள்களிலேயே ஒரு டஜனுக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இறந்தன. குதிரைகளுக்கு வரும் ஒருவகை இன்ஃப்ளூயன்ஸா பரவிய நேரம் அது. சேவையையே தற்காலிகமாக நிறுத்தி, பரிசோதனை நடத்த வேண்டியதாயிற்று. பாதையில் ஏறும் முன்பே மருத்துவப் பரிசோதனை கறாராக நடந்தால்தான் இப்படி நடுவழியில் நிறுத்தும் நிலை வராது.

இங்கிலாந்தில் எப்படி?

இங்கிலாந்தில் 'பிரிடில்வே' என்று ஒரு வகைப் பாதை உண்டு. கடிவாளப் பாதை என்று நம் ஊர்ப் பாணியில் சொல்லலாம். நடப்பவருக்கும் குதிரைக்கும் அதில் சட்டப்படி உரிமை. 1968-ல் சைக்கிளுக்கும் அனுமதி கொடுத்தார்கள். ஆனால், ஒரு நிபந்தனை. சைக்கிளில் வருபவர், நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். யார் யாருக்கு ஒதுங்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிடுவதால், பாதையில் நின்று வாதம் செய்ய வேண்டியதில்லை. வழியெங்கும் அடையாளப் பலகை, வரைபடத்தில் தனிக் குறியீடு. அவ்வளவுதான் ரகசியம்.

நம்ம காவிரிக் கரைக்கு வந்தால்?

முக்கொம்பு, கல்லணை போன்ற சுற்றுலா இடங்களில் குதிரை சவாரி என்று யோசனை வந்தால், முதல் நாளிலேயே ஐந்து கேள்விகளுக்கு விடை வேண்டும்.

1. நிலம் யாருடையது? கரையில் என்றால் நீர்வளத் துறையின் அனுமதி இல்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது. ஆற்றங்கரை என்பது நடைபாதை அல்ல, வெள்ளத்தைத் தாங்கும் சுவர். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் ஒன்பது ஷட்டர்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதைத் திருச்சி மறக்கவில்லை. கரையின் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது புல் வேர்தான். அதைக் குளம்பால் கிளறவிட்டால் விலை நாம்தான் கொடுக்க வேண்டும்.

2. எந்த நேரம்? வெயிலில் பகல் 12 முதல் 3 வரை கூடாது. ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் பக்கம் குதிரையை நினைத்தே பார்க்கக் கூடாது. மேட்டூரிலிருந்து தண்ணீர் கூடுதலாகத் திறக்கும் நாள்களில் ஆற்று மணலுக்குள் யாரும் இறங்கக் கூடாது.

3. எத்தனை குதிரை? ஊட்டியின் பாடம் இதுதான். ஆண்டு முழுக்கத் தீனி போட முடிகிற அளவுக்கு மட்டும் உரிமம்.

4. யார் சுத்தம் செய்வது? சாணத்தை அன்றன்றே எடுத்தால் அது தோட்டத்துக்கு எரு. விட்டுவிட்டால் ஆற்றில் கலக்கும் அழுக்கு.

5. யார் வைத்தியம் பார்ப்பது? குதிரைக்கு வரும் 'கிளாண்டர்ஸ்' என்ற தொற்றுநோய் மனிதர்களுக்கும் பரவக்கூடியது. 2009-ம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அதைக் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்த சான்று இல்லாத குதிரையைப் பொது இடத்தில் சவாரிக்கு விடக் கூடாது.

இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் இருந்தால், குதிரைக்காரருக்கும் நிம்மதி. இன்று ஒரு காவலர் விரட்ட, நாளை இன்னொருவர் கண்டுகொள்ளாமல் போக என்ற நிச்சயமில்லாத பிழைப்பு அவருக்கு மாறும்.

பிள்ளையை ஏற்றும் முன்... ஒரு நிமிடம்!

* எடையைப் பாருங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 300 கிலோ மட்டக்குதிரை என்றால் 60 கிலோ. குழந்தைக்கு சரி. 80 கிலோ அப்பா கீழே நின்று போட்டோ எடுக்கட்டும்.

* முதுகையும் வாயையும் பாருங்கள். சேணத்துக்கு அடியில் புண், வாயோரம் ரத்தம், நொண்டும் கால், எண்ணிவிடக்கூடிய விலா எலும்பு... இதில் ஒன்று இருந்தாலும் ஏற வேண்டாம்.

* ஹெல்மெட் கேளுங்கள். இல்லையென்றால் வீட்டு சைக்கிள் ஹெல்மெட்டையாவது எடுத்துப் போங்கள். குதிரையின் முதுகு பெரியவரின் தோள் உயரம். அங்கிருந்து விழுந்தால் முதலில் அடிபடுவது தலை.

* அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும். கால் முழுக்க நுழைந்திருந்தால், விழும்போது மாட்டிக்கொள்ளும். செருப்பு வேண்டாம், ஷூ நல்லது.

* பின்னால் நிற்காதீர்கள். குதிரைக்கு நேர் பின்னால் பார்வை கிடையாது. பக்கவாட்டில், அது பார்க்கும்படி வாருங்கள்.

* ஓட விடச் சொல்லாதீர்கள். 'கொஞ்சம் வேகமா போகச் சொல்லுங்க' என்று நாம் கேட்பதால்தான் சாட்டை எழுகிறது.

* நடந்து போகிறீர்களா? எதிரே குதிரை வந்தால் பேச்சுக் குரலில் ஏதாவது சொல்லி, ஓரமாக நின்று வழிவிடுங்கள். குடையை சட்டென விரிக்காதீர்கள்.

* அடிபட்ட குதிரையைப் பார்த்தால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம். கடித்துவிட்டாலோ, உதைத்து காயம் பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

நம் சவாரிப் பணம் பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கிறது. அதனால், குதிரை சவாரியே வேண்டாம் என்பது இதன் முடிவு அல்ல. நல்ல நிலையில் உள்ள குதிரையை, நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டும் குதிரைக்காரரைத் தேடிப்போய் நாம் பணம் கொடுத்தால், பக்கத்தில் நிற்பவரும் அடுத்த வாரம் தொட்டி வைப்பார். அதிகாரிகளிடம் நாம் கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றும் இல்லை. குறித்த இடம், குறித்த நேரம், குறித்த எண்ணிக்கை.

வாகனக் குதிரை பாய்வதற்கே ஒரு மணல்வெளியை விட்டுவைத்திருக்கும் ஊர் இது. உயிருள்ள குதிரைக்கு ஒரு வையாளி வீதியைக் குறித்துக் கொடுப்பது நமக்கு முடியாத காரியமா என்ன?